நான் எழுந்து போகவில்லை, பாப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கிப் பார்த்தேன், முதல் பாதி அவ்வளவு சரியாக வரவில்லை, இரண்டாம் பாதி முழுக்க உண்மை, அதனால் அதை மட்டும் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் முழங்காலுக்கு ஏற்ற உயரத்தில் நாற்காலி மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். உன் தம்பி வாரம் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டு, என் போனைச் சரிசெய்கிறேன் என்று எதையாவது அழித்துவிட்டுப் போகிறான். எனக்கு லிஃப்ட் வேலையில் போன மாதத்தோடு முப்பத்திரண்டு வருடம் முடிந்தது, இன்னும் பன்னிரண்டு கட்டடத்து லிஃப்ட் என் பொறுப்பில்தான் ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறியதா, பொட்டலம் இப்போதாவது அழாமல் பள்ளிக்கூடத்துக்குள் போகிறாளா? பிறந்த அன்று துணியில் சுற்றி மூக்கு மட்டும் தெரிய நீ அனுப்பிய படத்தைப் பார்த்து நான் வைத்த பேர் அது, ஐந்து வயதாகியும் எனக்கு அவள் பொட்டலம்தான்.

நீ மூன்று வாரமாக என் போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் நல்லா இருக்கோம் என்று இரண்டு வார்த்தை வருகிறது, அவள் அதைச் சத்தமாகப் படிக்கிறாள், நான் பேப்பரில் மூழ்கியிருப்பவன் போல உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் குளிக்கப் போனதும் போனை எடுத்து நானே ஒருமுறை படித்துக்கொள்கிறேன். அந்த வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை எடுக்காமல் விடலாம், அப்பா கையெழுத்தில் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைக்க உனக்கு மனசு வராது என்று ஒரு நப்பாசை.

நீ அந்த அம்மாவிடம் ஆன்லைனில் பேசுகிறாய் என்று முதலில் சொன்னபோது நான் கேலி செய்தேன், மறக்கவில்லை. டாக்டரா என்றேன். இல்லப்பா, மருத்துவச் சமூகப் பணியாளர், குடும்பத்துல, பிள்ளை வளர்க்கறதுல வர்ற மன அழுத்தத்துக்கு அவங்ககிட்டதான் பேசறேன் என்றாய். வீட்டு விஷயத்தை யாரோ ஒருத்தர்கிட்ட போய்க் கொட்டுவாங்களா என்று கேட்ட அதே ஆள்தான், அப்பா, ஒரே ஒரு தடவை நீங்களும் வந்து உட்காருங்க என்று நீ சொன்னதும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, நாலு மணிக்குச் சொன்னதற்கு மூன்றரைக்கே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு மாப்பிள்ளை பார்க்க உட்கார்ந்தபோதுகூட இவ்வளவு படபடப்பு இல்லை என்று அம்மா சொன்னாள்.

நீ பேசினாய். பொட்டலத்தின் மேல் கோபம் வந்தால் அவளோடு பேச்சை நிறுத்திவிடுவதாகவும், அம்மா, என்கூட பேசு என்று அவள் பின்னாலேயே வந்து அழுதாலும் உனக்கு வாய் வருவதில்லை என்றும், ஒருநாள் சாயங்காலம் முழுக்க அப்படியே இருந்துவிட்டதாகவும் சொன்னாய். பிறகு நேராக என்னைப் பார்த்து, நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது நீங்களும் நாள் கணக்கா என்கூட பேசாம இருப்பீங்களே, ஏம்ப்பா என்று கேட்டாய். கேட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்தாய். அந்த அம்மாவும் அசையவில்லை. திரையில் இரண்டு கட்டத்திலும் இரண்டு பேர் சிலை மாதிரி. என் தொழில் புத்தி உனக்குத் தெரியும். ஆளில்லாத லிஃப்ட் சத்தமில்லாமல் பாதியில் நின்றால் நாங்கள் முதலில் மெயினை அணைப்போம், முப்பது எண்ணுவோம், திரும்பப் போடுவோம். போன் உறைந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டேன், பாப்பா. முப்பதும் எண்ணினேன்.

திரும்பப் போட்டால் அது என்னமோ புதுப்பிக்கிறேன் என்று வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது, அப்புறம் கடவுச்சொல் கேட்டது, அதை எழுதிய சீட்டு அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. எல்லாம் முடிந்து உள்ளே வந்தால் அந்த அம்மா மட்டும் இருந்தார், உங்க மகள் கிளம்பிட்டாங்க என்றார். லைன் சரியில்ல என்று நான் ஆரம்பித்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த உன் அம்மா, லைனுக்கு ஒரு கோளாறும் இல்ல, அவ பின்னாடி ஜன்னல் திரை ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு, அவ அழுகையை அடக்கிக்கிட்டு உங்க பதிலுக்காக உட்கார்ந்திருந்தா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அணைச்சிட்டீங்க என்றாள். ஊரில் உள்ள கோளாறையெல்லாம் கண்டுபிடிப்பவனுக்கு, ஆடுகிற திரைச்சீலை கண்ணில் படவில்லை. நான் எழுந்து போய்விட்டதாகத்தானே நினைத்தாய்? நான் போகவில்லை.

மறுநாள் வெட்கத்தை விட்டு அந்த அம்மாவையே கூப்பிட்டுக் கேட்டேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவங்க கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கு, பதில் இருந்தா அவங்ககிட்டயே சொல்லுங்க என்றார். சொல்கிறேன். என் அப்பா எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவர். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் நின்று, இவள் மேல் என் கை படாது என்று முடிவு செய்தேன். அதைக் காப்பாற்றினேன், கோபம் வந்தால் வாயைப் பூட்டிக்கொண்டு விலகிப் போனேன், அடிக்காத அப்பன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. ஒன்பது வயதில் என் லிஃப்ட் கதவுச் சாவியை வைத்து விளையாடித் தொலைத்துவிட்டாயே, பதினோரு நாள் உன்னோடு பேசவில்லை. கோபம் இரண்டாம் நாளே போய்விட்டது, எப்படித் திரும்பத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. நீ தினமும் காலையில் என் ஷூவைத் துடைத்து வாசலில் நேராக வைப்பாய், நான் பார்ப்பேன், மாட்டிக்கொண்டு போவேன். பன்னிரண்டாம் நாள் என் சாக்ஸ் எங்க என்று கேட்டேன், அதை எடுத்துவர நீ ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மகளுக்கு எவ்வளவு பாசம் என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன். அந்த ஓட்டத்தில் எவ்வளவு பயம் இருந்தது என்று, நீ பேசாத இந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். தப்பு என்னுடையது. பொட்டலத்தின் முன்னால் உனக்கு வாய் வராமல் நிற்பது என்னிடமிருந்து நீ பழகியது, நீ கெட்ட அம்மா இல்லை. அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் அப்பன் ஆயிற்றே, ஒன்றே ஒன்று. கோபம் தீர்ந்ததும் சாக்ஸ் எங்கே என்றாவது கேட்டுவிடு, பதினோரு நாள் ஆக்காதே.

நேற்று ஒரு கட்டடத்தில் ஒரு வாண்டு லிஃப்டில் எல்லாப் பட்டனையும் அமுக்கிவிட்டு வெளியே ஓடிவிட்டது, நீ செய்வாயே அதே மாதிரி. திட்ட வாயெடுத்தவன் திட்டவில்லை. எட்டு மாடியும் ஒவ்வொன்றாக நின்று, கதவு திறந்து, யாருமில்லாமல் மூடி, உன்னையே நினைத்துக்கொண்டு கீழே வந்தேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, பாப்பா, அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, அவளுக்குக் காது மருந்து விட மறக்காதே. அடுத்த மாதம் இரண்டாம் வியாழன் நாலு மணிக்கு உனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா உன்னிடம் கேட்டுச் சொன்னாள். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மூன்றரைக்குச் சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன், அணைக்கும் பொத்தான் மேல் அம்மா இப்போதே பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. நான் கையைக் கட்டிக்கொண்டு, உன் பின்னால் அந்தத் திரைச்சீலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
முப்பதுக்கு மேலும் எண்ணப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அப்பா