ஒரே பள்ளத்துச் செடிகள்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அத்தையிடமும் அப்படியே சொல்லுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் அந்த மலை மூலிகையின் மரபணு முடிவுகள் வந்துவிட்டன. பனியுகக் குளிரில் மலையெங்கும் அழிந்து, ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் பிழைத்திருக்கிறது. குளிர் விட்டதும் அங்கிருந்துதான் மறுபடி பரவியிருக்கிறது. அதனால் மலையில் எங்கே பறித்தாலும் எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. ஒரு நோய் வந்தால் தாக்குப்பிடிக்க வேறு மாதிரிச் செடி ஒன்றுகூட இல்லை. துறைத் தலைவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் அறிக்கையை மூடி வைத்துவிட்டேன்.

நேற்று ஸ்கேன் அறையில் இருந்தபோது போன் செய்தீர்களே, "அப்புறம் பேசறேன் அத்தான்" என்று வைத்தேன். திரையில் நம் குழந்தையின் முதுகெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று திரும்பினார்.

"அத்தான்னு சும்மா கூப்பிடறீங்களா, இல்ல நிஜமாவே அத்தை பையனா?"

"சும்மாதான் டாக்டர்."

"அப்ப சரி. சொந்தம்னா இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. போனில் உங்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்; அதற்குள் எப்படியாவது லீவு போட்டு வாருங்கள். டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிஜமான மாமா பெண்