பத்து கிலோ ஸ்டிக்கர்

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் அத்தாவுக்கும் உடம்பு நலமா? திண்டுக்கல்லில் மழை உண்டா? புனேயில் நான் நலம். டம்பெல் விஷயத்தைப் போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள்; அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி ஜிம்மில் பத்து கிலோ டம்பெல்லை வலியே இல்லாமல் தூக்கினேன். மூன்றாவது தடவை விலகிய தோள் இவ்வளவு சீக்கிரம் தேறாது. சந்தேகப்பட்டுக் கம்பெனித் தராசில் வைத்தேன். ஆறு கிலோ! பத்து என்று ஸ்டிக்கர் ஒட்டியது என் அறைத்தோழன் இஷாக். பிடித்து உலுக்கினேன்.

"ஏலே, உங்கம்மாதான் ஒட்டச் சொன்னாங்க. இன்னொருக்கா விலகுனா ஆபரேஷன்தான். நீ சொன்னாக் கேக்குற ஆளா?"

தோள் விலகியதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. 'நீதானே சொன்னாய்' என்று இஷாக்கிடம் கேட்டேன்.

"அல்லா சத்தியமா இல்லடா. 'வீடியோவுல பட்டன் சட்டையாவே போட்டு வாரான், கையத் தூக்கி டீசர்ட்டு மாட்ட முடியலையா'ன்னு அவங்கதான் கேட்டாங்க."

சரி, ஆறு கிலோவே தூக்குகிறேன். பட்டன் சட்டை இரண்டுதான் இருக்கின்றன. நம் பிரியாணிக் கடைக்கு அத்தா போடும் சட்டையில் ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அந்த வாசத்தோடே வரட்டும்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

மகன்,
சிக்கந்தர்