தாத்தா மடியில் காதுகுத்து

என்னங்க,

நம் வீட்டு நாலு தலைமுறையை வைத்து நீங்கள் எழுதிய நாவலைப் படித்துவிட்டு, என் அண்ணன் பலவேசம் நேற்று வந்து கத்திவிட்டுப் போனார். செத்துப்போன உங்கள் தாத்தா நம் மகள் காதுகுத்துக்கு வந்ததாக எழுதியது அவருக்குத் தப்பாகவே படவில்லை. "வந்தாக, சாப்பிட்டாக, சரி. தாய்மாமன் நான் இருக்கையில பிள்ளைய அவுக மடியில வச்சு எப்படிக் காது குத்தலாம்?" என்கிறார். சாயங்காலம் மறுபடி வருவார். கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. முதலில் சோறு போடுங்கள், பிறகு பேசுங்கள்.

நான் வடுகபட்டி அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

சொர்ணலதா

பி.கு.: அதே நாவலில் என்னைத் திராட்சைப் பந்தலுக்கு மேலே பறக்கவிட்டீர்கள். அதைப் படித்த பெண்களெல்லாம் நான் என்ன சேலை கட்டியிருந்தேன் என்றுதான் கேட்கிறார்கள். நான் திரும்பி இறங்கியதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.