கதவு சொல்லும் ஒரு வரி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கணினியைப் புதுப்பித்தேன். என்னென்ன மாறப் போகிறது என்று வரிசையாகக் காட்டிவிட்டு, "தொடரலாமா?" என்று கேட்டது. கேட்டுவிட்டுச் செய்கிற கணினி. முன்பு இருந்தது கேட்காது. நான் பாதிக் கடிதத்தில் இருக்கும்போதே தானாக அணையும், தானாக எழும், புதிதாக ஒரு பொத்தானை முகத்துக்கு நேரே நீட்டும். கடைசியில், கணக்குத் தொடங்கினால்தான் உள்ளே விடுவேன் என்றது. என் வீட்டில், என் மேசையில், என் கணினிக்குள் நுழைய நான் யாரிடம் அனுமதி கேட்பது? அன்றே அதைத் துடைத்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். என் வீட்டுக்காரர் காலமான மறு வருடம் அது. அவர் இருந்திருந்தாலும் போட்டிருப்பேன்.

மத்தியானம் மகன் வந்தான். கையில் ஒரு பெட்டி. கேமரா.

"கூடத்துல ஒண்ணு, சமையலறைல ஒண்ணு. அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்மா."

"சும்மா இருக்கறதுக்கு நான் ஒருத்தி போதாதா?"

"விளையாடாதேம்மா. தனியா இருக்கே. விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

"படம் எங்கே போகும்?"

"என் போனுக்கு வரும்."

"நடுவில?"

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெட்டியோடு வந்த ஒப்பந்தத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் அவன் இரண்டு காபி குடித்துவிட்டான். படங்கள் நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கப்படுமாம். சேவையை மேம்படுத்தக் கூட்டு நிறுவனங்களோடு பகிரப்படுமாம். நான் தலைவிரி கோலமாக அடுப்படியில் நிற்பதைப் பார்த்து எந்தச் சேவை மேம்படப் போகிறது?

"உன்கிட்ட மறைக்க என்னம்மா இருக்கு?"

"குளியலறைக்குத் தாழ்ப்பாள் எதுக்குடா வெச்சிருக்கோம்?"

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "கேமராவை மாட்டு, இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு. ரெண்டுல ஒண்ணு. மாசக் கடைசிக்குள்ள சொல்லு." பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 5, புதன்

பெட்டியைப் பரண்மேல் போட்டேன். கோபம் வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

அவன் பயம் பொய்யல்ல. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அம்மா எழுந்தாளா? அதற்கு என் முகமும் நடையும் உடுப்பும் எதற்கு? தேவையானதை மட்டும் கேள், மிச்சத்தைக் கேட்காதே. நல்ல மென்பொருளுக்கும் நல்ல விருந்தாளிக்கும் இதுதான் இலக்கணம்.

லினக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தில் எழுதிக் கேட்டேன். எப்போதும் போல மரங்கொத்திதான் முதலில் வந்தார். அது அவர் மன்றத்தில் வைத்துக்கொண்ட பெயர். யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. 'அம்மா' என்பதோடு சரி. "கதவுல ஒட்டுற காந்த சென்சார் இருக்கும்மா. கதவு திறந்தா கணினிக்குத் தெரியும். அப்புறம் கணினியை என்ன வேணா சொல்லச் சொல்லலாம்."

மார்ச் 10, திங்கள்

ஓடுகிறது! காலையில் சமையலறைக் கதவை நான் முதல்முறை திறந்ததும், மூலை அறைக் கணினி மணி அடித்துவிட்டு மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு வரி அனுப்புகிறது: 'எழுந்துவிட்டேன்.' வேறு ஒன்றும் அனுப்பாது. நடுவில் எவனும் கிடையாது. இதைச் செய்யும் நிரலின் ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன்.

மகன் அரைமனதாக, "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம்" என்றான். மருமகள் பதில் போட்டாள்: 'சரி அத்தை.' அவள் எதற்கும் அதைத்தான் சொல்வாள். இத்தனை வருடத்தில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை என்னிடம் பேசியதில்லை. நானும் பேச இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வெட்கக்கேடு. நேற்று வெகுநேரம் படித்துவிட்டுப் படுத்தேன். காலையில் அசந்து தூங்கிவிட்டேன். கதவு திறக்கவில்லை, வரி போகவில்லை. மகன் போன்மேல் போன் போட்டிருக்கிறான். என் போன் கூடத்தில். மாடி வீட்டு டாக்டரம்மாவையும் எழுப்பிவிட்டிருக்கிறான். அவர் வாசற்கதவை இடிக்கிற இடியில் எதிர் வீட்டுக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். நான் கலைந்த தலையோடு திறக்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை! பள்ளிக்கூட நாளிலிருந்து தலை வாராமல் நான் ஒருவர் முன்னால் நின்றதில்லை.

"பார்த்தியா, இதுக்குத்தான் கேமரா" என்றான் மகன்.

ஏன், எனக்கு ஒரு நாள் தூங்க உரிமை இல்லையா? என்ன பெரிய குத்தம் பண்ணிட்டேன்?

சாயங்காலம் நிரலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஏழு மணிவரை கதவு திறக்காவிட்டால், 'எழுந்துவிட்டேன்' என்று கணினியே அனுப்பிவிடும். இனி யாரும் இடிக்க வேண்டாம்.

மார்ச் 22, சனி

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன்.

காலையில் குளியலறையில் வழுக்கிவிட்டது. வலது கால் மடங்கி உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கூப்பிட்டேன் — மாடிக்குக் கேட்கவில்லை. போன் படுக்கையருகில். ஈரத் தரையில் எவ்வளவு நேரம் என்று தெரியாது. சரி, ஏழாகட்டும், வரி போகாது, யாராவது வந்து இடிப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூலை அறையில் மணி அடித்தது. போய்விட்டது செய்தி. சற்று நேரத்தில் படுக்கையறையில் போன் சிணுங்கியது. யார், என்ன என்று பார்க்காமலே தெரியும்.

அந்தத் தரையில் கிடந்துகொண்டு ஒரு விஷயம் விளங்கியது. இன்றைக்கு யாரும் வர மாட்டார்கள். அப்படி ஏற்பாடு செய்தது நான்.

குழாயைப் பிடித்து, நகர்ந்து, நிலைப்படியைப் பிடித்து எப்படியோ நின்றேன். எலும்பு முறியவில்லை. சுளுக்கு. நானே கட்டுப் போட்டுக்கொண்டேன்.

மாலையில் மகன் போன் செய்தபோது, "கால் லேசாப் பிசகிடுச்சு" என்றேன். "எப்படி?" என்றான். "நடக்கும்போது" என்றேன். பொய்யில்லை. ஆனால் கான்வென்ட்டில் இப்படிப்பட்ட பதிலுக்கு சிஸ்டர் முட்டி போட வைப்பார்.

மார்ச் 26, புதன்

மரங்கொத்தி கேட்கிறார்: "உங்க நிரலை மன்றத்துல போடுங்கம்மா. தனியா இருக்கிற எத்தனையோ பேருக்கு உதவும்."

கோப்பைத் திறந்து ஒழுங்கு செய்தேன். கடைசி வரியில் வந்து நின்றேன். அதை அழித்துவிட்டு மீதியைப் போடலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் வெளியே காட்டுவது ஒன்று, உள்ளே ஓடுவது ஒன்று என்றால் — இத்தனை நாள் நான் வாய் வலிக்கத் திட்டியது இதைத்தானே? ஊருக்கு உபதேசமா?

ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே போட்டேன்.

மார்ச் 27, வியாழன்

பதில் வந்திருக்கிறது. "அழகா எழுதியிருக்கீங்கம்மா, மணி மணியா இருக்கு. கடைசி வரி மட்டும் புரியலை. கதவு திறக்காட்டியும் 'எழுந்துவிட்டேன்'னு அனுப்புதே. அப்புறம் கதவு எதுக்கு?"

காரமாக ஒரு பதில் தட்டினேன். அழித்தேன். இன்னொன்று தட்டினேன். அதையும் அழித்தேன்.

கதவு எதுக்கு?

மார்ச் 28, வெள்ளி

கடைசி வரியை எடுத்துவிட்டேன். பிறகு போன் செய்தேன் — மகனுக்கு அல்ல, மருமகளுக்கு. ஏன் அவளுக்கு என்று இப்போதும் தெரியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். ஏழு மணி, வரி, தரை.

முழுக்கக் கேட்டாள். பிறகு, "அன்னிக்கு நான் 'சரி அத்தை'ன்னு போட்டேனே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நீங்க கீழே கிடக்கறீங்க. நான் இங்க நின்னுக்கிட்டு சரி அத்தை, சரி அத்தைன்னு..."

அவள் அழுது நான் கேட்டதில்லை. அழுகை நின்றதும் திட்ட ஆரம்பித்தாள். "இத்தனை நாளா ஒரு பொய் சொல்ற மெஷினுக்கா பதில் போட்டுக்கிட்டிருந்தேன்? படிச்சவங்கதானே நீங்க? தூங்கணும்னா தூங்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ்வளவு கௌரவமா?"

பத்து வார்த்தைக்கு மேலேயே இருக்கும். நான் குறுக்கே பேசவில்லை.

"கேமரா மாட்டணும்னா மாட்டிக்கறேன்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"கேமராவை நானும் வேணாம்பேன். உங்க பையனை நான் பார்த்துக்கறேன். ஆனா மாடி டாக்டரம்மாகிட்ட ஒரு சாவி குடுங்க. குளிக்கப் போகும்போது போன் உள்ளே போகணும். அப்புறம், என் சமையலறைக் கதவுக்கும் அந்தக் காந்தத்தை மாட்டுங்க."

"உனக்கு எதுக்கும்மா? வீடு நிறைய ஆள் இருக்கே."

"இந்த வீட்டுல நான் எழுந்தாத்தான் அடுப்பு எரியும் அத்தை. அதனால நான் எழுந்தேனான்னு யாரும் கேக்கறதில்லை."

மார்ச் 30, ஞாயிறு

மகன் வந்து கத்தினான். கத்த வேண்டிய விஷயம்தான், கேட்டுக்கொண்டேன். பிறகு பரணிலிருந்து பெட்டியை அவனே இறக்கி எடுத்துக்கொண்டான்.

அவன் வீட்டுக்குப் போய் மருமகளின் சமையலறைக் கதவில் காந்தத்தை மாட்டி, அங்கிருக்கும் கணினியோடு இணைத்துவிட்டு வந்தேன். அவள் செய்தி எனக்கு மட்டும் வரும், என் செய்தி அவளுக்குப் போகும். தாமதமாக எழுவதானால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தாமதமானால் கதவை இடிக்கலாம்.

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் யாரு?" என்றான் மகன்.

"நடுவுல யாரும் வேணாம்னுதானே இவ்வளவும்" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திருத்திய நிரலை மன்றத்தில் போட்டேன். எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்றும் எழுதினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்றே சொல்லிவிட்டு, எட்டரை வரை தூங்கினேன். சுகம்.

ஏப்ரல் 17, வியாழன்

மகன் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் விழித்ததும் போனைப் பார்த்தேன். நான் எழுவதற்குள் அவள் வரி வந்திருக்கும்; இன்று இல்லை. முந்தின நாள் ஒன்றும் சொல்லவும் இல்லை. அவளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மகனுக்கு அடித்தேன்.

"தூங்கறா போலம்மா. டயர்டா இருக்கும்."

"தொட்டுப் பாருடா."

"என்னம்மா நீ, காலங்காத்தால..."

"தொட்டுப் பார்."

கொஞ்ச நேரம் கழித்து வந்த குரல் வேறாக இருந்தது. "அம்மா, உடம்பு கொதிக்குதும்மா. கூப்பிட்டா முனகறா." டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தேன்.

ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் படுக்கையில் இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாளாகவே காய்ச்சலோடு சமைத்திருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. மகன் சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறான். நான் எழுந்து போய் எடுத்துத் தரவில்லை. தேடட்டும்.

மத்தியானம் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். தலைமாட்டில் இருந்த போனைத் தடவி எடுத்துப் பார்த்தாள்.

"உங்க செய்தி வரலையே அத்தை?"

"சமையலறைப் பக்கமே போகலைம்மா. அப்படியே ஓடி வந்துட்டேன்."

"சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று கடிந்துகொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.