மனுக்கார அக்காவுக்கு நான் போர்த்திய கோடி

என் ஆசை அக்கா சிவகாமிக்கு,

செஞ்சியிலிருந்து தங்கை தனபாக்கியம் எழுதிக்கொள்வது. முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்த காலத்திலும் செருப்பைக் கழற்றும் முன்னால் அதைத்தான் கேட்பாய்.

என் பெரிய மகன் நடேசனின் மூத்த பெண் கமலா டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டாள். தளவானூர் பக்கம் வேலை, பஸ்ஸில் போய் வருகிறாள். முதல் சம்பளத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தாள், அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவள் தம்பி சேகர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கணக்கில் அவன் வாங்கிய மார்க்கைக் கேட்டு வாத்தியாரே வீட்டுக்கு வந்தார். உன் மகள் அஞ்சலை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். காலையில் டிரைவர், கண்டக்டர் எல்லாம் அவள் கடையில்தான். உன் சின்ன மகள் ராணி தையல் மிஷின் வாங்கிவிட்டாள். தாலுகா ஆபீஸ்காரர் வீட்டு அம்மாக்கள் ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வருகிறார்கள்.

என் பேரப்பிள்ளைகளையும் உன் மகள்களையும் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்று படிக்கிறவர் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இது எங்கள் குடும்பத்துச் சேதி. எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் அச்சில் போடக் கொடுக்கிறேன்.

உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள் இல்லையா, அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ பிறந்ததும் ஆண் பிள்ளை என்று நைனா ஓர் ஆண் பெயர் வைத்தார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். மீசை அரும்புகிற வயதில் நீ புடவை கட்டிக்கொண்டாய். நைனா அடித்தார், நீ அனந்தபுரத்து வீட்டை விட்டுப் போனாய். பல வருஷம் கழித்து, சிவகாமி என்று நீயே வைத்துக்கொண்ட பெயரோடு செஞ்சிக்கு வந்து குடியேறினாய். உன்னைப் போலவே வீட்டார் துரத்திய பெண்கள் உன்னிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் உன்னை அம்மா என்றார்கள். எனக்கு நீ அக்கா. என் பிள்ளைகளுக்குப் பெரியம்மா. ஊர் உனக்கு வைத்த பெயர் மனுக்காரி.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இப்போது உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கும்போது அதிகாரி தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஜனங்களிடம் நேராக மனு வாங்குவார். பட்டா, வாய்க்கால், வரப்புச் சண்டை என்று கூட்டம் நெரியும். நீ பெண்கள் வரிசையில் போய் நிற்பாய். முதல் தடவை குமாஸ்தா, "உனுக்கு இன்னா கொற?" என்று சிரித்தார். நீ அவரைத் தாண்டி அதிகாரியைப் பார்த்துப் பேசினாய்.

"போலீஸ் புடிச்சா ஆம்பளன்னு எழுதிக்கிறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா ஆம்பள இல்லன்றாங்க. பொம்பள வரிசைக்கு வந்தா பொம்பளயும் இல்லன்றாங்க. நாங்க இன்னான்னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க சாமி. அதையே எல்லா எடத்துலயும் காட்டிக்கிறோம்."

அன்றைக்கு அவர் எழுதித் தரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த மனுவைக் கூப்பிட்டார். அடுத்த ஜமாபந்தியிலும் நீ நின்றாய். அதற்கு அடுத்ததிலும் நின்றாய். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், நீ மாறவில்லை. திருவிழாவுக்குப் போகிற உன் பெண்களைக் காரணம் இல்லாமல் போலீஸ் லாரியில் ஏற்றுகிற வழக்கம் அப்படித்தான் நின்றது. உன் பெண்களுக்கு வீட்டு மனையும் அப்படித்தான் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீ எட்டாவது. ஊர்ப் பெண்கள் தெருக்குழாய்க்கும் முதியோர் பென்ஷனுக்கும் உன்னிடம்தான் மனு எழுத வருவார்கள். கூலி கேட்டால், "ஓட்டு போடற அன்னிக்கி பொம்பள வரிசையில எனுக்கு ஒரு எடம் வுடு, அதான் கூலி" என்பாய். அவர்களும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். அந்த எலக்‌ஷன் நாளில் சாவடி வாசலில் ஒருவர் உன்னை ஆண்கள் வரிசைக்குப் போ என்று அதட்டினாரே, உனக்கு முன்னால் நின்ற வளையல்காரம்மா என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா?

"இது அந்தாண்ட போச்சின்னா நாங்க அத்தினி பேரும் வூட்டுக்குப் போறோம். நீயே உள்ள ஒக்காந்துகினு எல்லா ஓட்டையும் குத்திக்க."

அந்த ஆள் நகர்ந்துவிட்டார். நீ விரலில் மையோடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். மை காயும்வரை தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடவில்லை.

ஆஸ்பத்திரி விஷயம்தான் உன்னை உருக்கியது. பெயர் எழுத மாட்டேன், ஓர் ஆஸ்பத்திரிக்கு உன் மகள் செல்வி காய்ச்சலோடு போனாள். ஆண்கள் வார்டில் படுக்க அவள் மாட்டேன் என்றாள். பெண்கள் வார்டில் அவர்கள் விட மாட்டோம் என்றார்கள். நடுவில் இருந்த தாழ்வாரத்தில் கிடந்து செத்தாள். அதற்குப் பிறகு உன் மனுவில் வேறு பேச்சே இல்லை. பெண்ணாக வாழ்கிறவளுக்குப் பெண்கள் வார்டில் கட்டில் வேண்டும். அப்போது கலெக்டர் ஆபீஸ் இருந்த கடலூருக்குப் போனாய், பட்டணத்துக்குப் போனாய், போன இடமெல்லாம் வெளியே உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தாய். கடைசியில் உத்தரவு வந்தது. அதைப் படித்துவிட்டு நீ சிரிக்கவில்லை. "செல்விக்கி லேட்டாய்டுச்சி தனம்" என்றாய்.

போன வருஷம் அதே ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில்தான் நீ படுத்தாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைத்தாய்ச்சி உனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். நீ போன காலையில் அவள்தான் முதலில் அழுதாள்.

அக்கா, இனிமேல் நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. நீ கண் மூடிக் கிடந்தாய்.

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். மஞ்சள் தடவிய புதுப் புடவையை உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். எவ்வளவு ஏழையானாலும் எந்தப் பெண்ணும் அதற்குத்தான் ஆசைப்படுவாள், கடைசியில் பிறந்த வீடு என்னை மகள் என்று ஒப்புக்கொண்டது என்று. உன் மகள்கள் உன்னைக் குளிப்பாட்டி, பூ வைத்து, கோடிக்காகக் காத்திருந்தார்கள். நான் அனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பினேன். நம் தம்பி துரைக்கண்ணு வந்தான். வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தேன்.

"இன்னாடா தொர அது?"

"வேட்டிக்கா."

"யாருக்கு?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "பொறந்தது ஆம்பளயாத்தானே. செத்தா ஆம்பள மொறதான் செய்யணும். பேரும் நைனா வச்ச பேரத்தான் சொல்லணும்."

அஞ்சலை உன் கால்மாட்டில் இருந்து எழுந்தாள். "மாமா, அந்த வேட்டிய நீங்களே கட்டிக்கினு போங்க. எங்கம்மா பொடவையில வாழ்ந்துச்சி, பொடவையிலதான் போவும்."

"யாரு யாருக்கு மாமா?" என்றான் இவன்.

"எங்கம்மாவோட தம்பி எனுக்கு மாமா இல்லாம இன்னா? தாய்மாமன் சீருன்னு இதுவரைக்கும் ஒரு ரவிக்கைத்துணி வாங்கிக் குடுத்திருப்பியா?"

சாவு வீட்டில் சிரிப்புக் கேட்டது. நீ கேட்டிருந்தால் நீயும் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆம்பளன்னு சொல்றியே, பங்காளிங்க எங்கடா?" என்று கேட்டேன். "ஆம்பள செத்தா பங்காளி வந்து பாட கட்டணும், தோள் குடுக்கணும். தெரு முனையில நிக்கறாங்களா?"

"வரலன்ட்டாங்க."

"ஏன்?"

"பொம்பளயா வாழ்ந்ததுக்கு நாங்க தோள் குடுக்க மாட்டோம்ன்றாங்க."

"பங்காளிக்கி அது பொம்பள. உனுக்கு அது ஆம்பள. யாருமே ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு ஆளுக்கொரு பேரு வச்சிக்கினீங்களா?"

அவன் குரல் உடைந்தது. "என் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுக்கா. பொடவ போட்டன்னு தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு கேப்பான்? நீ பெத்ததெல்லாம் கர சேர்ந்துடுச்சி. நீ பேசுவ."

அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன் அக்கா. பயந்தவன். ஆனால் அவன் பயத்தை உன் மேல் போர்த்தி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பஜாருக்கு நடந்தேன். கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்று எடுத்தேன். கடைக்காரர் விசேஷமா என்று கேட்டார். எங்க அக்காவுக்குக் கோடி என்றேன்.

திரும்பி வந்து முந்தானையில் மஞ்சள் தடவும்போது துரைக்கண்ணு குறுக்கே வந்தான். "நீ கட்டிக்குடுத்தவ. நீ போட்டா அது பொறந்த வூட்டுக் கோடி ஆவாது."

"அந்த வூட்டுலதாண்டா நானும் பொறந்தேன். உனுக்கு முன்னாடியே பொறந்தேன்."

"போட்டுருவியா?"

"போடத்தான் போறேன்."

"போட்டுட்டா ஒண்ணு நெனப்புல வச்சிக்க. உன் சாவுக்கு நான் கோடி எடுத்துக்கினு வரமாட்டேன். நீயும் அநாதையாத்தான் போவ."

எந்தப் பெண்ணைப் பார்த்தும் எவனும் சொல்லக்கூடாத பேச்சு அது. மஞ்சள் பட்ட கையாலேயே புடவையை விரித்து உன் மேல் போர்த்தினேன். தலையிலிருந்து கால் வரை இழுத்து விட்டேன். சிவகாமி என்று பெயர் சொல்லி அழுதேன். உன் மகள்களும் அப்படியே சொல்லி அழுதார்கள். பிறகு தெருப் பெண்களும் அதே பெயரைச் சொன்னார்கள். துரைக்கண்ணு வேட்டியை மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். நீ மனு எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் வந்து தோள் கொடுத்தார்கள்.

வருகிற அமாவாசையோடு வருஷம் ஆகிறது. அவன் என் வாசலை மிதிக்கவில்லை. "எம்மா, ஒரு நடை போயி மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு. நாளைக்கி உனுக்குன்னு ஒரு மொற வேணாமா?" என்று நடேசன் விடாமல் சொல்கிறான். சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது? தப்பு செய்தவள் போய்ச் சொல்லலாம். நான் எதைச் சொல்வேன்?

இந்த வருஷ ஜமாபந்திக்கு அஞ்சலை போனாள். நானும் போனேன். ஆஸ்பத்திரிக்கு வந்த புது டாக்டர், உத்தரவெல்லாம் எனக்குத் தெரியாது என்று உன்னைப் போன்ற ஒரு பெண்ணை வெளியே படுக்க வைத்திருந்தார். அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. "நீங்க யாரும்மா இவங்களுக்கு?" என்று அதிகாரி கேட்டார். "இவங்களுக்குச் சித்தி" என்றேன். மறுவாரம் அந்தப் பெண் உள்ளே கட்டிலில் படுத்தாள். இந்தச் சண்டை ஓய்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அடுத்த டாக்டர் வருவார், அடுத்த அதிகாரி வருவார். வரட்டும்.

இப்போது ஊர் முன்னால் ஒன்று சொல்லி வைக்கிறேன். என் பிள்ளைகளும் படித்துக்கொள்ளட்டும். நான் செத்தால் அனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். கோடியை அஞ்சலை கொண்டுவருவாள். என் அக்காவின் மகள் கொண்டுவருவது என் பிறந்த வீட்டுக் கோடிதான். அதற்குக் குறுக்கே எவனாவது வந்தால், அவன் நான் பெற்ற பிள்ளையானாலும் சரி, எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது. அஞ்சலையிடம் கேட்டேன். "சித்தி, இன்னா கலர் வேணும்னு மட்டும் இப்பவே சொல்லிடு, அப்புறம் வந்து கொற சொல்லாத" என்கிறாள்.

தம்பிக்கும் ரெண்டு வார்த்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். துரை, உன் பெண்ணுக்குப் போன தை மாசம் கல்யாணம் ஆனது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். எவனும் வரமாட்டான் என்று பயந்தாயே, நல்ல இடமாகவே வந்திருக்கிறது. எனக்குப் பத்திரிகை வரவில்லை, பரவாயில்லை. கோடியும் நீ கொண்டுவர வேண்டாம். பிள்ளை கல்யாணப் புடவையில் எப்படி இருந்தாள் என்று பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்த புது போட்டோ ஒன்றைத் தபாலில் போட்டு அனுப்பு. அஞ்சலைக்கும் ராணிக்கும் காட்டுவேன், அதையும் தெரிந்துகொண்டே அனுப்பு. அவர்களுக்கு அவள் மாமன் மகள்.

அக்கா, கண்ணாடி போட்டும் இதற்கு மேல் எழுத்துத் தெரியவில்லை. என் கால் நடக்கிற வரைக்கும் ஜமாபந்திக்கு உன் மகள்களோடு நான் போவேன், பெண்கள் வரிசையில்தான் நிற்போம். என் வாயால் உன் பெயர் சிவகாமி என்றுதான் வரும். இது சத்தியம்.

உனக்குப் பின்னால் அதே வயிற்றில் பிறந்த தங்கை,
தனபாக்கியம்
செஞ்சி