இடது பக்கத்துப் பூட்டு

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். நீ டாக்டர் இல்லை, மனசுக்குச் சிகிச்சை கொடுக்கப் படிக்கிறவள் என்று எத்தனை தடவை திருத்தினாலும் நான் இப்படித்தான் கூப்பிடுவேன். இங்கே நானும் நம் பொடிசும் நலம். அவளுக்குக் கணக்குப் பரீட்சை முடிந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. போன மாதம் அதைச் சரிசெய்த அதே பிளம்பர் வந்து பார்த்து, யார் சார் இப்படிக் கெடுத்து வைத்தது என்று என்னையே கேட்டார்.

நேற்று நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. பதிவு செய்த உன் அமர்வைக் கேட்ட மேற்பார்வை மேடம், தேறவில்லை என்று சொல்லிவிட்டாராம். சிகிச்சைக்கு வந்தவர் யார் என்று நீ சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வண்டியில் போகும்போது யாரையாவது இடித்துவிட்டோமோ என்று பயந்து, வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்க்கிறவர் என்பது மட்டும் தெரியும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காதே என்று அவர் கேட்கக் கேட்க, ஒன்றும் ஆகியிருக்காது சார் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். அந்த ஆறுதல்தான் பயத்துக்குத் தீனி என்று எனக்கே பாடம் எடுத்தவள் நீ. ஆனால் எதிரே ஒரு மனிதர் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது உன்னால் சும்மா இருக்க முடியுமா? எனக்குத் தெரியாதா உன்னை.

அடுத்த வியாழக்கிழமை அவரோடேயே இன்னொரு அமர்வு, அதையும் மேடம் கேட்பார் என்றாய். அதற்குள்ளேயே, இந்த வேலை எனக்கு வராது, பழையபடி பேங்க் வேலைக்கே வந்துவிடுகிறேன் என்கிறாய். வந்துவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அது உண்மை. ஆனால் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, இதுதான் என் வேலை என்று பிடிவாதமாகக் கிளம்பியவளை நான் எந்த வாயால் திரும்பக் கூப்பிடுவது?

என் கதைக்கு வருகிறேன். கல்யாணமான நாளிலிருந்து கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடுகிறவன் நான். மூக்குக்கண்ணாடிக் கடையில் அப்படி என்ன புதையல் இருக்கிறது என்று கடைத்தெருவே கேலி செய்யும். நீ மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி, பூட்டியாயிற்று வாங்க என்பாய். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

படிக்கப் போகும் முன்னால், சொந்தப் புருஷனுக்கு நானே சிகிச்சை கொடுக்கக் கூடாது, வேறு யாரையாவது போய்ப் பாருங்கள் என்றாய். நான் நழுவினேன். அப்படியானால் பெண்டாட்டியாக ஒன்றே ஒன்று, இனி அந்தப் பதிலைச் சொல்லமாட்டேன் என்று என் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினாய். பொடிசையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். முதல் தடவை பஸ் நிறுத்தத்தில் நின்று உனக்குப் போன் போட்டு, பூட்டினேனா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கு என்ன தோணுது?" என்றாய்.

கல்நெஞ்சுக்காரி என்று திட்டிவிட்டுப் போனை வைத்தேன். வீட்டுக்கு வந்து பொடிசிடம் புலம்பினால், அவளும் அச்சு அசலாக உன் குரலிலேயே, உங்களுக்கு என்ன தோணுதுப்பா என்று கேட்கிறாள். வீட்டுக்கு ஒரு டாக்டர் போதாதா? அன்றைக்குப் போனை வைத்தபிறகு நீ அழுதாய் என்று, உன்னோடு போனில் பேசிய அவள்தான் பிறகு சொன்னாள்.

போன வாரம் நடந்ததை நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு நிறுத்தத்துக்கு வந்ததும் வழக்கம்போலப் பூட்டினேனா என்ற சந்தேகம் வந்துவிட்டது. பஸ் வந்தது. திரும்பி ஓடாமல், உனக்குப் போனும் போடாமல் ஏறிவிட்டேன். கடை திறந்து கிடப்பது போலவும், யாரோ ஃப்ரேம்களைச் சாக்கில் அள்ளிப் போடுவது போலவும் மனசுக்குள் படம் ஓடியது. இதற்கு நடுவே முன் சீட்டில், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு அம்மாளுக்கும் ஒரு பெரியவருக்கும் சண்டை. அந்த அம்மாள் பேசிய பேச்சில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான், பூட்டு நினைப்பே விட்டுப்போயிருந்தது எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், ஷட்டரின் இடது பக்கத்துப் பூட்டைப் போடவே இல்லை! வளையத்தில் சும்மா தொங்குகிறது. இத்தனை வருஷம் எதற்குப் பயந்து செத்தேனோ அது நடந்தேவிட்டது. வலது பக்கத்துப் பூட்டை மட்டும் திறந்தேன். பிறகு ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே ஒன்றும் திருட்டுப் போகவில்லை. போயிருந்தாலும் கடையைத் திறந்துதான் இருப்பேன் என்று அந்த நிமிஷம் தோன்றியது. முதலில் வந்தவருக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்தேன்.

பழையபடி பூட்டியாயிற்று என்று நீ சொல்லியிருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும். இப்போதெல்லாம் நீ சொல்கிறாயே, தெரியாது என்று, அதுதான் நிஜம். அதை ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டாவது என்னிடம் சொன்னவளுக்கு இந்த வேலை வராதா?

நேற்று திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாய், நான் பாஸாகிவிடுவேனா என்று. நான் குழாய் ஒழுகுவதைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன், உனக்குக் கோபம் வந்துவிட்டது. போனில் உன் குரல் கம்மினால் நான் உருகிப்போய், கண்டிப்பாக ஆகிவிடுவாய் என்று உளறிவிடுவேன். அதற்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை போய் அந்த நாற்காலியில் உட்கார். தேறாவிட்டால் எனக்குப் போன் பண்ணி அழு, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். மற்றபடி நீ கேட்டதற்கு என் பதில்:

எனக்குத் தெரியாதும்மா. உனக்கு என்ன தோணுது?

எப்போதும் உன்னுடைய,
கண்ணாடிக் கடைக்காரன்