ஆறாம் நம்பரில் கடிக்கிறது

இன்று காலை அலுவலகத்தில் என் கைப்பேசியில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தேன். வேலூரில் ஒரு செருப்புக் கடைக்காக என்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண் ஷீபா செய்தது. வயது நாற்பதைத் தாண்டியதிலிருந்து என் கைப்பேசியில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்களும் என் குடும்பச் செய்திகளைச் சிரமமில்லாமல் படிக்கிறார்கள். அந்தப் பெரிய எழுத்தில் பக்கம் பிதுங்கி, வாங்குவதற்கான பொத்தான் வலது ஓரத்தைத் தாண்டிக் காணாமல் போயிருந்தது. என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது: "ஆறுல கடிக்குதுடி."

கைப்பேசியை வாங்கிக்கொண்ட ஷீபா என் காலைப் பார்த்தாள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஆம்பூரில் நாம் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் மாடி அறை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயம். கீழே பசையும் தோலும் கலந்த வாசனை, மேலே ஏசி. அதுவும் கம்ப்யூட்டருக்காகப் போட்டது, நாம் ஓசியில் நடுங்கினோம். கம்பெனியின் முதல் இணையதளத்தை நான் செய்தேன். அது எந்தெந்த அளவுத் திரையில் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பது உன் வேலை. ஒரே மானிட்டரில் அளவை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாய். எண் குறைந்தால் எழுத்து பெருக்கும், கூடினால் சிறுக்கும். அறுநூற்று நாற்பது, எண்ணூறு, ஆயிரத்து இருபத்துநான்கு என்று நான் மூச்சு வாங்கச் சொன்னதை, பேட்டர்ன் செக்‌ஷனில் ஷூ அளவுகளோடு பழகி வந்த நீ ஒரே போடாகச் சுருக்கினாய்: "ஆறாம் நம்பர், எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர். முடிஞ்சிது." பக்கம் திரைக்குள் அடங்காவிட்டால் "கடிக்குது". சுற்றிலும் வெற்றிடம் கிடந்தால் "லூஸு". அந்தச் சொல்லை என்னைப் பார்த்தும் சொல்வாய். அது வேறு கணக்கு.

அந்தப் பாஷைதான் நம்மை மாட்டிவிட்டது. ஒருநாள் மேனேஜரைத் தேடி இன்டர்காமில் பேசினாய். "சார்கிட்ட சொல்லுங்க, எட்டும் பத்தும் ஓகே. ஆறு மட்டும் கடிக்குது, அனுப்ப வேணாம்." எடுத்தவர் பேக்கிங் சூப்பர்வைசர். லாரியில் ஏறியிருந்த ஆறாம் நம்பர் ஷூ பெட்டிகளை எல்லாம் அந்தப் புண்ணியவான் இறக்கிவிட்டார்.

மேனேஜர் மாடிப்படி அதிர வந்தார். "இன்னாம்மா இது? யார் காலைக் கடிச்சிது?" நான் விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "இந்தக் காலத்துல ஆறு வெச்சிருக்கவன் எவன்மா? பெரிய பேஜாரு. இனிமே பத்துல மட்டும் பாத்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. திரையைப் பத்துக்கு மாற்றினாய். எழுத்துகள் எள்ளாகச் சுருங்கின. மூக்கு மானிட்டரில் உரசுகிற அளவுக்குக் குனிந்தாய். அப்போதும் வரி பிடிபடாமல் விரலால் தடவினாய்.

"ஏய், இன்னாடி ஆச்சு?"

"ஆறுல வெச்சாத்தான்டி எனக்கு எழுத்தே தெரியுது. வேலூர் ஆஸ்பத்திரில காமிச்சேன். கண்ணு நரம்பாம். பார்வை கம்மி ஆய்க்கினேதான் போவுமாம்." பிறகு கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "யார்கிட்டயும் சொல்லிடாத. பாக்கறதுதான் என் வேலை. பாக்க முடியலன்னா எதுக்கு வெச்சிக்கினு இருப்பாங்க?"

நேராக மேனேஜரிடம் போனேன். வாய்க்கு வந்ததை அளந்தேன். "சார், வெளிநாட்டுல வயசானவங்க எல்லாம் எழுத்தைப் பெருசு பண்ணித்தான் பாப்பாங்களாம். ஆறுல கடிச்சா நம்ம ஆர்டர் பக்கமே அவங்க கண்ணுல படாது." நான் கண்ட வெளிநாட்டு வயசானவர், வேலூர்க் கோட்டை பார்க்க வந்த ஒரே ஒருவர், அவரும் கண்ணாடி போடாதவர். மேனேஜர் நெற்றியில் ஏற்றியிருந்த தன் கண்ணாடியை மெல்ல இறக்கினார். "சரி, ஆறும் இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

நீ வேலையை விடும்வரை அந்த மானிட்டர் ஆறிலேயே நின்றது. நீ சரி என்று சொல்லாமல் ஒரு பக்கமும் வெளியே போனதில்லை. கடைசியில் உனக்கு ஆறும் போதவில்லை. "ஒண்ணாம் நம்பர் இருக்காடி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி படியிறங்கினாய்.

போன வருஷம் சர்ச்சில் உன்னைக் கிடத்தியிருந்தபோது எல்லார் கையிலும் பாட்டுத்தாள் கொடுத்தார்கள். அவ்வளவு பொடி எழுத்து. எனக்கு ஒரு வரியும் தெரியவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். கண்ணீர் மறைக்கிறது என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும்தான். "ஆறுல அடிச்சிருக்கலாம்டி" என்று உன் காதில் சொல்லத் தோன்றியது.

ஷீபா இன்னும் என் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எல்லா போன்லயும் பாத்துட்டேன், சூப்பரா இருக்கு. உங்களுதுலதான் இப்டி. இவ்ளோ பெரிய எழுத்து யாரு வெக்கறாங்கக்கா?"

மேனேஜருக்காக நான் இட்டுக்கட்டிய அந்த வயசான ஆள் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டாள்.

"நாந்தான்டி," என்றேன். "ஆறுல போட்டுப் பாரு. கடிச்சா அனுப்பாத."